சிங்கி இறாலும் பனிக்கட்டியும்

ஒரு பெரிய பாத்திரத்தில் நீரைக் கொதிக்க விடுங்கள். அதில் ஒரு சிங்கி இறாலை இடுங்கள். கரும்பச்சையும் பழுப்புமாக இருந்த அதன் ஓடு சில நிமிடங்களில் செக்கச் சிவந்துவிடும். நண்டிலும் சாதாரண இறாலிலும் இதே மாற்றத்தை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். 'ஏன் சிவக்கிறது?' என்ற வினா உடனே எழும். அதற்குரிய விடையைக் கட்டுரையின் இறுதியில் காண்போம். அதற்கு முன் வேறொரு வினாவை எடுத்துக்கொள்வோம்.

நம் கடலிலேயே பிடிபடும் இந்தச் சிங்கி, நம் வீட்டுப் பாத்திரத்துக்கு வந்து சேர்வது ஏன் இவ்வளவு அரிதாகிவிட்டது? மீன் சந்தையில் அதன் விலையைக் கேட்டுவிட்டு, பேசாமல் சங்கராவோ நெத்திலியோ வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் நம்மில் பலர். ஆனால் 1950-க்கு முன்பு குமரிக் கடற்கரையில் இது உள்ளூரார் உண்ட மலிவான உணவு. அன்றைய சிங்கிக்கும் இன்றைய சிங்கிக்கும் சுவையில் வேறுபாடில்லை. அதே பாறை, அதே கடல். இடையில் வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்று. அதுதான் குளிர். குளிரைச் செயற்கையாக உண்டாக்கவும், அதைக் கட்டிக் காக்கவும் மனிதன் கற்றுக்கொண்டபோது, ஒரு மீனவக் குடும்பத்தின் இரவு உணவு உலகச் சந்தையின் ஆடம்பரப் பண்டமாக மாறிற்று. அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

யார் இந்தச் சிங்கி?

மேல்நாட்டு நூல்களில் 'லாப்ஸ்டர்' என்ற பெயருடன் காணப்படும் படத்தில் இரண்டு பெரிய இடுக்கிக் கைகள் இருக்கும். அது வட அட்லாண்டிக் பெருங்கடலின் குளிர்ந்த நீரில் வாழ்வது. நம் சிங்கிக்கு அத்தகைய இடுக்கிகள் இல்லை. முட்கள் நிறைந்த, நீண்டு தடித்த இரண்டு உணர்கொம்புகளே அதன் ஆயுதம். கல் இறால் என்றும் இதனைச் சொல்வதுண்டு. பகலெல்லாம் பாறை இடுக்குகளில் பதுங்கியிருக்கும். இரவில் வெளிவந்து சிப்பிகளையும் நத்தைகளையும் தின்னும்.

உயிருள்ள சிங்கியைக் கையில் பிடித்தால் அது 'கிறீச்' என்று ஒலி எழுப்பும். உணர்கொம்பின் அடியில் உள்ள மெத்து போன்ற பகுதி, கண்ணுக்குக் கீழே உள்ள மேட்டின் மீது ஒட்டியும் வழுக்கியும் நகர்வதால் இவ்வொலி பிறக்கிறது. வயலின் வில் தந்தியின் மேல் செல்லும்போது நிகழ்வதும் இதுவே.

இந்தியாவின் ஆழமற்ற கடற்பகுதிகளில் இத்தகைய முட்சிங்கி இனங்கள் ஆறு உள்ளன. குமரிக் கரையில் மிகுதியாகக் கிடைப்பது பானுலிரஸ் ஹோமாரஸ் என்னும் இனம். 'ஹோமாரஸ்' என்ற இனப் பெயரை 1758-இல் இட்டவர் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். இவை தவிர, உணர்கொம்புகள் தட்டையாகிப்போன சப்பையான சிங்கி வகைகளும் உண்டு.

நடைதூரத்து உணவு

நான் வாழும் திருமுல்லைவாயில், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள ஊர். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. இன்று ஒரு விடியற்காலையில் ரயிலேறிப் போய், மீன் வாங்கிக்கொண்டு, காலைச் சிற்றுண்டிக்கு முன்பே வீடு திரும்பிவிடலாம். ரயிலும் பேருந்தும் இல்லாத காலத்தை எண்ணிப் பாருங்கள். தலையில் கூடையுடன் மணிக்கு நாலரைக் கிலோமீட்டர் வீதம் நடப்பவருக்கு இத்தொலைவைக் கடக்க நான்கு மணி நேரமாகும். கூடையில் உள்ள மீனுக்கு அந்த நான்கு மணி நேரமும் சென்னை வெயில்.

இறந்த உயிரின் தசையில் இரண்டு வேலைகள் உடனே தொடங்குகின்றன. அதன் உடலிலேயே உள்ள நொதிகள் தசையைக் கரைக்க முற்படுகின்றன. நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. இரண்டும் வெப்பநிலையைப் பொறுத்தவை. பனிக்கட்டியில், அதாவது 0 பாகை செல்சியஸில், வைத்த மீன் கெடும் வேகத்தைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் அதே மீன் 10 பாகையில் கெடும். நம் ஊர் வெப்பநிலையோ 30 பாகைக்கும் மேல். சிங்கிக்கு இன்னுமொரு தொல்லை உண்டு. அதன் தலைப்பகுதியில் இருக்கும் செரிமானச் சுரப்பியில் வீரியமான நொதிகள் நிறைந்துள்ளன. சிங்கி இறந்ததும் அவை கசிந்து வாலின் தசையைக் குழையச் செய்துவிடும்.

நம் முன்னோர் இதற்குக் கண்டிருந்த மாற்று, உப்பும் வெயிலும். நெத்திலி போன்ற சிறு மீனுக்கு இம்முறை மிகப் பொருத்தம். அதன் கன அளவைக் காட்டிலும் மேற்பரப்பு அதிகம். நீர் விரைவில் ஆவியாகிவிடும். கெட்டியான ஓட்டுக்குள் திரண்டு கிடக்கும் சிங்கித் தசைக்கு அது அவ்வளவு எளிதன்று. ஆகவே சிங்கியின் சந்தை, ஒருவர் கூடையுடன் நடந்து சென்று திரும்பும் தொலைவோடு முடிந்தது. வாங்குவோர் சிலராகவும் பிடிப்போர் பலராகவும் இருந்தால் விலை எப்படி ஏறும்?

1856 ஜூலை 1-ஆம் நாள், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. இன்று எங்கள் ஊர் வழியே செல்வதும் அதே தடம்தான். ரயில் பயண நேரத்தைக் குறைத்தது. ஆனால் வெயிலைக் குறைக்க அதனால் இயலவில்லை. அதற்குப் பனிக்கட்டி தேவைப்பட்டது.

பாஸ்டனிலிருந்து வந்த பனிக்கட்டி

வியப்பு என்னவென்றால், பனிக்கட்டி ரயிலுக்கு முன்பே சென்னைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த பிரடெரிக் டூடர் என்னும் வணிகர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை வெட்டியெடுத்துக் கப்பலில் அனுப்பி வந்தார். 1833-இல் அவருடைய முதல் சரக்கு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. ஏற்றியது 180 டன். நான்கு மாதப் பயணத்துக்குப் பின் ஏறத்தாழ 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. இதைச் சாதித்தது பொறியன்று, வெறும் மரத்தூள். மரத்தூளின் இடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தைக் கடத்துவதில்லை என்ற உண்மையே அந்தச் சரக்கைக் காத்தது.

1842-இல் சென்னைக் கடற்கரையில் இப்பனிக்கட்டியைச் சேமித்து வைக்க ஒரு கட்டடம் எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என்று நாம் அழைக்கும் அக்கட்டடமே இன்றைய விவேகானந்தர் இல்லம். மீனவர் குப்பங்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தும், அங்கிருந்த பனிக்கட்டி அவர்களுக்கானதன்று. அது வெள்ளைக்காரர்களின் கோப்பைகளைக் குளிர்விக்க வந்தது.

அதே நியூ இங்கிலாந்துப் பகுதியில்தான் அமெரிக்க லாப்ஸ்டரும் மிகுதியாகக் கிடைத்தது. 1623-இல் பிளிமத் குடியேற்றத்துக்குப் புதியவர்கள் வந்திறங்கியபோது, ரொட்டிகூட இல்லாமல் லாப்ஸ்டரையும் மீனையும் வெறும் நீரையுமே கொடுக்க நேர்ந்ததை அதன் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் குறையாக எழுதி வைத்தார். வாரத்தில் இத்தனை நாளுக்கு மேல் தங்களுக்கு லாப்ஸ்டர் பரிமாறக் கூடாது என்று வேலைக்காரர்கள் ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள் என்றொரு கதையும் உலவுகிறது. அப்படிப்பட்ட ஒப்பந்தம் ஒன்றுகூட இதுவரை கிட்டவில்லை. ஆனால் லாப்ஸ்டர் அங்கே மலிந்து கிடந்தது உண்மை.

அங்கு அதன் நிலையை முதலில் மாற்றியது வெப்பம். உணவைக் கலத்தில் அடைத்து மூடிச் சூடாக்கினால் கெடாது என்பதைப் பிரான்சின் நிக்கோலா அப்பேர் 1810-இல் வெளியிட்டார். 1840-களில் மெயின் மாநிலத்தின் ஈஸ்ட்போர்ட் ஊரில் லாப்ஸ்டரைத் தகரக் குவளையில் அடைக்கும் தொழில் தொடங்கியது. பின்னர் ரயிலும் பனிக்கட்டியும் சேர்ந்து உயிருள்ள லாப்ஸ்டரை உள்நாட்டு நகரங்களுக்குக் கொண்டு சென்றன. சந்தை விரிந்தது, விலை ஏறியது, கடலில் லாப்ஸ்டர் குறையத் தொடங்கியது. 1870-களிலேயே முட்டை தாங்கிய பெண் லாப்ஸ்டரைப் பிடிக்கக் கூடாது என்று மெயின் மாநிலம் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து இதே நாடகம் நம் கரையிலும் நடந்தது.

குளச்சலில் தொடங்கிய மாற்றம்

1956 நவம்பர் 1 வரை குமரிக் கடற்கரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தது. அம்மாநிலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடந்தன. 1952-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி இந்திய–நார்வே கூட்டுத் திட்டம் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் பணி தொடங்கியது. விசைப்படகும் பனிக்கட்டி ஆலையும் மீனவர் கண்முன் வந்தன. 1953-இல் கொச்சியிலிருந்து உறைந்த இறால் முதன்முதலாக அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. உறைபதன நிலையங்கள் பெருகின. இறாலுக்கென அமைந்த அதே குளிர், 1950-களின் இறுதியில் சிங்கியின் பக்கம் திரும்பியது.

குளச்சல், முட்டம், இனயம் முதலிய ஊர்களின் மீனவர்கள் நெடுங்காலமாகச் சிங்கி பிடித்து வந்தவர்கள். பனைமட்டையும் குச்சியும் கொண்டு முடைந்த கூண்டே அவர்களின் முதன்மையான கருவி. கூண்டுக்குள் சிப்பித் தசையை இரையாக வைத்துப் பாறைப் பாங்கான இடங்களில் இறக்குவார்கள். நுழைவதற்கு எளிதாகவும் வெளியேறுவதற்குக் கடினமாகவும் அதன் வாய் அமைந்திருக்கும். நங்கூர வடிவத் தூண்டிலும் வழக்கில் இருந்தது. மியாமோட்டோ, ஷெரீப் என்னும் இரு ஆய்வாளர்கள் இவ்விரு முறைகளையும் நேரில் ஆராய்ந்து 1961-இல் ஒரு விரிவான ஆய்வுரை வெளியிட்டனர். சிங்கி ஆய்வாளரின் கவனத்துக்கு வந்துவிட்டது என்பதன் அடையாளம் அது.

இக்கூண்டின் சிறப்பு ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். கூண்டில் அகப்பட்ட சிங்கி உயிருடன், காயமின்றி இருக்கும். சிறியதாகவோ முட்டையுடனோ இருந்தால் மீண்டும் கடலில் விட்டுவிடலாம். பிடித்ததைத் திருப்பித் தரும் வாய்ப்பை அளித்த கருவி அது.

வால் மட்டும் போதும்

அமெரிக்கச் சந்தை கேட்டது முழுச் சிங்கியை அல்ல, வாலை மட்டுமே. காரணத்தை முன்னரே கண்டோம். நொதிகள் நிறைந்த தலையை உடனே நீக்கிவிட்டால் வாலின் தசை நீண்ட நாள் கெடாது. ஆனால் அந்த வால், சிங்கியின் மொத்த எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான். எஞ்சிய பெரும்பகுதிக்குக் கடல் கடந்த சந்தையில் மதிப்பில்லை.

வாலை உறைய வைப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நீங்கள் ஒரு தக்காளியைக் குளிர்பெட்டியின் உறைஅறையில் வைத்து, மறுநாள் எடுத்து இளக விட்டால் அது கூழாகிவிடும். காரணம், மெதுவாக உறையும் நீர் பெரிய பெரிய பனிப்படிகங்களாகிச் செல்களின் சுவர்களைச் சிதைத்து விடுகிறது. 0 பாகைக்கும் −5 பாகைக்கும் இடைப்பட்ட எல்லையை விரைவாகத் தாண்டிவிட்டால் படிகங்கள் மிகச் சிறியனவாக அமையும், தசை சிதையாது. லாப்ரடார் பகுதியின் கடுங்குளிரில் மீன் பிடித்தவுடன் உறைந்துவிடுவதைக் கண்ட கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்னும் அமெரிக்கர், 1920-களில் இவ்விரைவு உறைமுறையைத் தொழிலாக்கினார். 1930-இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரக் கடைகளில் உறைந்த உணவு விற்பனைக்கு வந்தது. குளச்சலில் வெட்டிய வால் பல மாதங்கள் கழித்து அமெரிக்கத் தட்டில் கெடாமல் இருந்ததென்றால் அதற்கு இம்முறையே காரணம்.

உறைநிலையம் வரை வாலைக் கொண்டு செல்லப் பனிக்கட்டி வேண்டும். எவ்வளவு? இதை நீங்களே கணக்கிடலாம். ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகுவதற்கு ஏறத்தாழ 80 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. சிங்கித் தசையில் பெரும்பகுதி நீர். ஆகவே அதன் தன்வெப்பத்தை 0.85 எனக் கொள்வோம். ஒரு கிலோ தசையை 30 பாகையிலிருந்து 0 பாகைக்குக் குளிர்விக்க 30 × 0.85, அதாவது 25.5 கிலோகலோரியை நீக்க வேண்டும். ஆக, ஒரு கிலோ பனிக்கட்டி மூன்று கிலோ தசையைக் குளிர்விக்கப் போதும். ஆனால் நடைமுறையில் மீனின் எடைக்குச் சமமாகப் பனிக்கட்டி இடுகிறார்கள். மீதிப் பனிக்கட்டி எங்கே போகிறது? பெட்டியின் சுவர் வழியே ஓயாமல் உட்புகும் வெப்பத்தை எதிர்ப்பதில் அது செலவாகிறது.

உயிருடன் ஒரு விமானப் பயணம்

1990-களின் தொடக்கத்தில் மற்றொரு திருப்பம். சிங்கப்பூர், ஹாங்காங் போன்ற நகரங்களின் உணவகங்கள் சிங்கியை உயிருடனேயே கேட்டன. உயிருள்ள சிங்கிக்கு உறைந்த வாலைக் காட்டிலும் பன்மடங்கு விலை கிடைத்தது.

நீரில் வாழும் உயிர் நீரில்லாமல் விமானத்தில் செல்வது எப்படி? சிங்கி செவுள்களால் சுவாசிக்கிறது. செவுள்கள் ஈரமாக இருக்கும் வரை, காற்றிலிருந்தே ஓரளவு ஆக்சிஜனைப் பெற்றுக்கொள்ளும். உடலைக் குளிர்வித்தால் அதற்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் குறைந்துவிடுகிறது. எனவே குளிர்ந்த கடல்நீரில் வைத்து, சோர்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, ஈரம் காயாமல் பொதிந்து, தெர்மோகோல் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். தெர்மோகோலின் பணியும் டூடரின் மரத்தூள் செய்த பணியும் ஒன்றே. சிறைப்பட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. பாஸ்டனிலிருந்து சென்னைக்குக் குளிரைக் கொண்டுவந்த அதே தத்துவம், சென்னையிலிருந்து சிங்கியைக் கிழக்கே அனுப்பியது.

கடற்கரை வீடுகளில் இதன் விளைவு என்ன? ஒரு சிங்கி தரும் பணத்தில் பல நாள் அரிசியும் பருப்பும் வாங்கலாம் என்றால், அதைத் தன் குழம்பில் இடும் குடும்பம் எது? பிடிப்பவர் வீட்டில் அது சமைக்கப்படுவது அரிதாகிவிட்டது. காலிழந்த, உணர்கொம்பு ஒடிந்த, ஏற்றுமதிக்கு உதவாத சிங்கி எப்போதாவது அடுப்பேறும். வருமானம் வந்தது நன்மையே. அதைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் அவ்வருமானம் எத்தனை நாள் நீடிக்கும் என்று கேட்க வேண்டும்.

கடல் காட்டிய கணக்கு

விலை ஏற ஏற, கூண்டுகளின் இடத்தில் வலைகள் வந்தன. 1980-களில் 'டிஸ்கோ வலை' என்று மீனவர் பெயரிட்ட மூவடுக்கு வலை குமரிக் கரையில் பரவியது. கூண்டைப்போல் அது தேர்ந்தெடுப்பதில்லை. சிறியதும் பெரியதும் முட்டை தாங்கியதும் அதில் ஒன்றாகச் சிக்கிக்கொள்ளும். வலையிலிருந்து பிரித்தெடுக்கும்போது கால்கள் ஒடியும். இந்தியாவில் பிடிபட்ட சிங்கியின் அளவு 1985-இல் ஏறத்தாழ 4,000 டன்னைத் தொட்டது. பின்னர் அந்த உயரத்தை எட்டாமல் சரிந்தது. பம்பாய்க் கடலில் 1978-இல் இழுவலையில் பிடிபடத் தொடங்கிய சப்பைச் சிங்கி, பதினாறே ஆண்டுகளில், 1994 வாக்கில், அநேகமாக அற்றே போயிற்று.

ஏன் இவ்வளவு விரைவில் குறைகிறது? அதன் வாழ்க்கைச் சுழற்சியைப் பாருங்கள். ஒரு பெண் சிங்கி ஒருமுறையில் ஒரு லட்சம் முதல் பல லட்சம் முட்டைகள் இடும். அவற்றை வயிற்றின் அடியில் ஒட்டவைத்துக்கொண்டு வாரக்கணக்கில் சுமந்து திரியும். பொரித்து வரும் இளவுயிரி, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் ஓர் இலையைப் போன்றிருக்கும். அது கடல் நீரோட்டத்தில் பல மாதங்கள் மிதந்து, பலமுறை தோலுரித்து, இறுதியில் சிறு சிங்கியாகிக் கரையோரப் பாறைக்குத் திரும்பும். லட்சத்தில் பிழைப்பவை மிகச் சிலவே.

'அப்படியானால் பண்ணையில் வளர்க்கலாமே' என்று நீங்கள் கேட்கலாம். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் 1970-களிலேயே அம்முயற்சி தொடங்கியது. அங்கே ஈ.வி. ராதாகிருஷ்ணன் சிங்கியைத் தொட்டியில் வளர்த்து இனம் பெருக்கச் செய்தார். அவரும் எம். விஜயகுமாரனும், கண்காம்பை நீக்கினால் சிங்கி அடிக்கடி தோலுரித்து விரைவில் வளர்வதைக் கண்டறிந்தனர். தோலுரிப்பைத் தடுக்கும் சுரப்பு அக்காம்பிலிருந்து வருவதே காரணம். ஆனால் முட்டையிலிருந்து பொரித்த இலைவடிவ இளவுயிரியைச் சிறு சிங்கியாகும் வரை காப்பாற்றுவது பெருஞ்சவால். ஜப்பானியர் 1980-களின் இறுதியில் தம் கடல் இனம் ஒன்றில் இதைச் செய்து காட்டினர். அதற்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. கோழிக்குஞ்சு பொரிப்பதுபோல் சிங்கியைப் பொரித்து வளர்க்கும் நாள் நம் நாட்டில் இன்னும் வரவில்லை. எனவே நம் தட்டுக்கு வரும் முட்சிங்கி கடலில் பிறந்ததுதான்.

2003-இல் மைய அரசு ஏற்றுமதிக்கு ஒரு வரம்பு கட்டியது. முழுச் சிங்கியாக அனுப்புவதாயின் பானுலிரஸ் ஹோமாரஸ் 200 கிராமுக்கும், சேற்றுப்பாங்கான கடலில் வாழும் பானுலிரஸ் பாலிஃபேகஸ் 300 கிராமுக்கும், பெரிய இனமான பானுலிரஸ் ஆர்னேட்டஸ் 500 கிராமுக்கும், சப்பைச் சிங்கி 150 கிராமுக்கும் குறையக் கூடாது. ஒருமுறையேனும் இனம் பெருக்க வாய்ப்பளிப்பதே இதன் நோக்கம். நல்ல விதி. ஆனால் இது துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் செல்லும் விதி. ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட சிறு சிங்கி எங்கே போகும்? விலை குறைத்து உள்ளூர்ச் சந்தைக்கு வரும். அதாவது உங்கள் சமையலறைக்கும் என் சமையலறைக்கும்.

காசிமேட்டில் ஒருநாள் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். மீன்கார அம்மா ஒரு சிங்கியைப் புரட்டிக் காட்டினார். வயிற்றின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் கொத்தாக ஒட்டியிருந்தன. "சினையோட இருக்கு சார், ருசியா இருக்கும், எடுத்துக்கோங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் என் கையில் அவர் தந்தது ஒரு சிங்கியன்று. சில லட்சம் சிங்கிகளின் தொடக்கம். "வேண்டாம்மா, சினை இல்லாதது இருந்தா குடுங்க" என்றேன். "எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க, நீங்க வேண்டாங்கறீங்களே" என்று சிரித்தார். நான் மறுத்ததால் அந்தச் சிங்கி கடலுக்குத் திரும்பவில்லை என்பதை அறிவேன். ஆனால் கேட்பவர் குறைந்தால், படகில் இருப்பவர் அதைக் கடலில் விடத் தயங்கமாட்டார். மெயின் மாநில மீனவர்கள் முட்டை தாங்கிய லாப்ஸ்டரின் வாலில் ஒரு சிறு வெட்டு அடையாளம் இட்டுக் கடலில் விடுகிறார்கள். அடுத்துப் பிடிப்பவர் அடையாளத்தைக் கண்டு, அப்போது முட்டை இல்லாவிட்டாலும் மீண்டும் விட்டுவிடுகிறார்.

மீண்டும் சமையலறைக்கு

இனி முதல் வினாவுக்கு வருவோம். சிங்கி ஏன் சிவக்கிறது?

அதன் ஓட்டில் அஸ்டாசாந்தின் என்னும் நிறமி உள்ளது. காரட்டின் நிறமிக்கு இது உறவு. பாசியுணவின் வழியே சிங்கியின் உடலை வந்தடைகிறது. 1938-இல் ரிச்சர்ட் கூனும் சோரென்சனும் லாப்ஸ்டரிலிருந்து இதனைப் பிரித்து ஆராய்ந்தனர். தனியாக இருக்கும்போது இது 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப் பச்சை ஒளியை உட்கொள்ளும். ஆகவே செம்மஞ்சளாகத் தோன்றும். ஆனால் உயிருள்ள ஓட்டில் அது தனியாக இல்லை. ஒரு புரதத்தின் பிடியில் இருக்கிறது. 1948-இல் ஜார்ஜ் வால்டும் அவருடன் பணியாற்றியவர்களும் இக்கூட்டுப் பொருளை ஆராய்ந்து அதற்குக் கிரஸ்டசயனின் என்று பெயரிட்டனர். புரதத்தின் பிடியில் நிறமியின் மூலக்கூறு வளைந்தும் தட்டையாகியும், மற்றொரு மூலக்கூற்றை நெருங்கியும் கிடக்கிறது. அப்போது அது உட்கொள்ளும் ஒளி 630 நானோமீட்டர் அளவுக்கு, அதாவது சிவப்புப் பகுதிக்கு, நகர்ந்துவிடுகிறது. சிவப்பை இழந்த ஒளி நீலமாகத் தெரிகிறது. 2002-இல் பிரிட்டனில் ஜான் ஹெலிவெல் முதலியோர் எக்ஸ் கதிர்களால் இப்புரதத்தின் அமைப்பை வெளிப்படுத்தினர். எக்காரணத்தின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் ஆராயப்படுகிறது.

கொதிநீரில் இட்டதும் புரதம் அவிழ்கிறது. நிறமி விடுபட்டுத் தன் இயல்பான நிறத்தைக் காட்டுகிறது. சிவப்பு புதிதாக உண்டாகவில்லை, மறைந்திருந்தது வெளிப்படுகிறது. இதிலிருந்து சமையலுக்கு ஒரு பாடம் உண்டு. வெப்பம் வெளியிலிருந்து உள்ளே செல்வதால் ஓடு முதலில் சிவக்கும். ஓடு சிவந்ததைக் கண்டு உள்ளே வெந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது.

சமைக்கும் முறையைச் சொல்லி முடிக்கிறேன். உயிருள்ள சிங்கி கிடைத்தால், அதைப் பனிக்கட்டி கலந்த நீரில் அரைமணி நேரம் வைத்து அசைவற்ற நிலைக்குக் கொண்டுவாருங்கள். இவ்வுயிர்கள் வலியை உணரக்கூடும் என்பதற்குச் சான்றுகள் வலுத்து வருகின்றன. உணர்விழக்கச் செய்யாமல் கொதிநீரில் இடுவதை ஸ்விட்சர்லாந்து 2018-இல் தடை செய்தது. பிறகு உப்பிட்ட கொதிநீரில் இட்டு, நீர் மீண்டும் கொதித்தபின் அரைக்கிலோ எடையுள்ளதற்கு 8 முதல் 10 நிமிடம் விடுங்கள். அதற்கு மேல் போனால் தசைப் புரதங்கள் மேன்மேலும் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றும், ரப்பர்போல் ஆகும். வாலைப் பிளந்து நடுவே ஓடும் குடல்நரம்பை நீக்கிவிட்டு, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, மிளகும் சோம்பும் அரைத்துச் சேர்த்து ஒரு புரட்டுப் புரட்டினால் போதும். குமரிப் பக்கத்தார்போல் தேங்காய் அரைத்துக் குழம்பாக்கினாலும் சிறப்பு. தலையை எறியாதீர்கள். ஏற்றுமதியாளர் வேண்டாமென்ற பகுதி அது. குழம்புக்குச் சாறு தருவதும் அதுவே. இறால், நண்டு உண்டு ஒவ்வாமை கண்டவர்கள் மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும். அந்த ஒவ்வாமைப் புரதம் வேகவைத்தாலும் அழிவதில்லை.

வாங்கும்போது செய்ய வேண்டியது இரண்டே. தராசில் 200 கிராமுக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். புரட்டிப் பாருங்கள், வயிற்றின் அடியில் முட்டை இருந்தால் விட்டுவிடுங்கள். பனிக்கட்டி நம் சிங்கியை உலகம் சுற்றச் செய்தது. அது நம் பாறைகளுக்கும், எப்போதாவது நம் பாத்திரங்களுக்கும் திரும்பி வருமா என்பது, சந்தையில் நீங்கள் அதைப் புரட்டிப் பார்க்கும் அந்த ஒரு நொடியையும் பொறுத்திருக்கிறது.